தரையைப் பார்க்கும் கண்கள்

ஜூன் 10, திங்கள்

இன்று அண்ணாச்சி எனக்குப் புது வேலை ஒன்று கொடுத்தார். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் ஸ்டுடியோவுக்கு ட்ரோன் வாங்க வேண்டுமாம். "நீ பி.எஸ்ஸி. பிசிக்ஸ்லா. எது நல்ல ட்ரோன்னு படிச்சுப் பாத்து ஒரு பக்கம் எழுதிக் குடு" என்றார். சரி என்றேன். சரி என்பதைத் தவிர வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.

பாவூர்சத்திரத்தில் தங்கப்பழம் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் நான் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவதும் ஆல்பம் அடுக்குவதும் என் வேலை. வாசலுக்கு முதுகைக் காட்டி, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பேன். வாடிக்கையாளர்கள் என்னிடம் பேச வேண்டியதில்லை. இந்த இடம் எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய ட்ரோன் அலமாரியில் ஒரு கை உடைந்து கிடக்கிறது. மே கடைசியில் ஒரு மண்டபத்துக்குள் பறந்தபோது விலகிப் போய், சீரியல் லைட் சரத்தில் மாட்டி, பெண்ணின் பெரியப்பா மேல் விழுந்தது. காதில் மூன்று தையல். ஓட்டியவர் ரூபன் அண்ணன். அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். மாவட்டத்து போட்டோகிராபர்களின் வாட்ஸ்அப் குழுவில், ரூபனை நம்பி யாரும் ட்ரோனைக் கொடுக்காதீர்கள் என்று அண்ணாச்சி போட்டார். அதன் கீழே ஒருவர், "நம்ம பைலட்டு பெட்ரோல் போட்டது ட்ரோனுக்கா, தனக்கா?" என்று எழுதியிருந்தார். சிரிப்புப் படங்கள் நிறைய வந்திருந்தன. ரூபன் அண்ணன் குடித்து நான் பார்த்ததில்லை. இப்போது மச்சானின் லோடு ஆட்டோவை ஓட்டுகிறாராம்.

ஜூன் 11, செவ்வாய்

திருநெல்வேலிக் கடைக்காரர் போனில் இரண்டே விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். படத்தின் துல்லியம் எட்டு கே. பறக்கும் தூரம் பத்து கிலோமீட்டர். அண்ணாச்சி போனை என் பக்கம் நீட்டி, ஏதாவது கேள் என்று சைகை காட்டினார். நான் தலையாட்டிவிட்டேன். போனில் தலையாட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்.

பிறகு ஒன்று தோன்றியது. கடைக்காரரிடம் கேட்பதைவிட நம் ஹார்ட் டிஸ்கிடம் கேட்கலாமே. ட்ரோன் எடுக்கும் ஒவ்வொரு வீடியோவுடனும் ஒரு சின்னக் கோப்பு சேர்ந்து வரும். எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்று நொடிக்கு நொடி அதில் பதிவாகியிருக்கும். யாரும் அதைத் திறப்பதில்லை. முப்பத்தொரு கல்யாணத்தின் கோப்புகளையும் திறந்தேன். நாம் போன அதிகபட்ச உயரம் எழுபத்து நான்கு மீட்டர். அதிகபட்ச தூரம் நானூற்றுப் பத்து மீட்டர், அதுவும் கோவிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு வந்த ஒரே நாள். பத்து கிலோமீட்டர் போனால் கிட்டத்தட்ட தென்காசி வந்துவிடும். அங்கே நமக்கு வேறு ஸ்டுடியோக்காரர்கள் இருக்கிறார்கள்.

எட்டு கே பற்றியும் பார்த்தேன். நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கல்யாண வீடியோவைப் போனில்தான் பார்க்கிறார்கள்.

ஜூன் 13, வியாழன்

இன்று முழுக்க வேட்டி பார்த்தேன்.

நண்பகலில் நம் பழைய ட்ரோன் எடுத்த காட்சிகளில் ஆண்கள் எல்லாரும் இடுப்புக்குக் கீழே வெள்ளைத் தீற்றல். மடிப்பு இல்லை, கரை இல்லை. அதே மண்டப வாசலில், அதே வெயிலில் ஒரு நெல்லைக் குழு எடுத்த காட்சி நம்மிடம் இருக்கிறது. அதில் வேட்டியின் மடிப்பு தெரிகிறது, பந்தல் நிழலில் நிற்பவர்களின் முகமும் தெரிகிறது. அவர்களுடைய ட்ரோனில் சென்சார் பெரியது. லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் சில்லுதான் சென்சார். மழையில் டம்ளரை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆக, எத்தனை கே என்று முதலில் கேட்கக் கூடாது. சென்சார் எவ்வளவு பெரியது என்று கேட்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் டீ ஆறிப்போனதைக் கவனிக்கவில்லை.

ஜூன் 15, சனி

சாரல் காற்று தொடங்கிவிட்டது. வழியெல்லாம் காற்றாலைகள் மூச்சு விடாமல் சுற்றுகின்றன.

காற்றில் ட்ரோன் சாய்கிறது, ஆனால் படம் சாய்வதில்லை. ஏன் என்று படித்தேன். கேமரா தொங்கும் சின்னத் தாங்கியில் மூன்று மோட்டார்கள் உள்ளன. உடல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கின்றன. புரிந்தது, ஆனால் கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்றைப் பிடித்து, இரண்டு கையாலும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டினேன். உடல்தான் போனது, வந்தது. தலை அந்தரத்தில் அப்படியே நின்றது.

அம்மா பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலேஜ்ல மூணு வருஷம் இதையா ஏட்டி படிச்சே?" என்றாள்.

ஆமாம் என்றேன். பிறகு அவளே கோழியை வாங்கி ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

ஜூன் 16, ஞாயிறு

மழை. துணி காயவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

சத்தம் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை. ஆனால் நம் முப்பத்தொரு கல்யாணத்திலும் ஒரே காட்சி: ட்ரோன் எழும்பியதும் எல்லாத் தலையும் மேலே திரும்புகிறது. மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி பார்க்கிறார். குருக்கள்கூட மந்திரத்தை விட்டுவிட்டுப் பார்க்கிறார். எடிட் பண்ணும்போது இவர்கள் குனியும்வரை நான் காத்திருக்க வேண்டும். சத்தம் குறைந்த ட்ரோன் என்றால் ஜனங்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். நல்ல படம் அப்போதுதான் கிடைக்கும். இதையும் குறித்துக்கொண்டேன்.

ஆலங்குளம் கல்யாணத்தில் எல்லாரும் மேலே பார்க்க, ஒரே ஒருத்தி மட்டும் கேபிள் சுற்றிக்கொண்டு கீழே பார்த்து நிற்கிறாள். பெரிதாக்கிப் பார்த்தேன். நான்தான். நானும் ஒருமுறை நிமிர்ந்திருக்கலாம்.

ஜூன் 20, வியாழன்

பழைய ட்ரோனின் பெட்டியில் கையேடு இருந்தது. பிரிக்காத உறையில். இரண்டரை வருஷமாக யாரும் படிக்கவில்லை. டீ குடிக்காமல் படித்தேன்.

திறந்த வெளியில் ட்ரோன் செயற்கைக்கோள்களை வைத்துத் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. கூரைக்குள் அந்த சிக்னல் வராது. அப்போது அதற்கு வேறு வழி இருக்கிறது. அடிவயிற்றில் இரண்டு சின்னக் கண்ணாடி வட்டங்கள். அவையும் கேமராக்கள்தான். படம் எடுப்பதற்கல்ல, தரையைப் பார்ப்பதற்கு. தரையில் உள்ள கோடு, பூ, கம்பளம் எதையாவது பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கும். அவை மறைந்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் காற்று தள்ளிய பக்கம் போகும்.

பதினேழாம் பக்கம். மூன்று முறை படித்தேன்.

தலைவலி. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

கேமராக்களுக்குப் பொட்டு வைக்கச் சொன்னார் அண்ணாச்சி. சந்தனம் தீர்ந்துவிட்டது என்றேன். டப்பாவில் பாதி இருக்கிறது.

ஜூன் 22, சனி

கீழப்பாவூர் ஆல்பம் நாற்பது பக்கம் முடித்தேன். அம்மாவுக்குப் பீடி இலை வாங்கிக் கொடுத்தேன். மின்சாரம் இரண்டு மணி நேரம் இல்லை.

ஜூன் 24, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

தை முதல் வெள்ளியன்று அண்ணாச்சி பூஜை வைத்தார். "நீதான் பொம்பளப் பிள்ள, உன் கையால வையி" என்று சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். கேமராக்களின் லென்ஸில் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், உடம்பில் வைத்தேன். டிரைபாடுக்கு வைத்தேன், கம்ப்யூட்டருக்கு வைத்தேன். ட்ரோனுக்கு மேலே வைத்தால் இறக்கைக் காற்றில் பறந்துவிடுமோ என்று திருப்பிப் பார்த்தேன். அடியில் அந்த இரண்டு வட்டங்கள். பொட்டு வைப்பதற்காகவே செய்த அளவில் இருந்தன. குழைத்து, ஒழுங்காக, இரண்டிலும் வைத்தேன். நடுவில் குங்குமம். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் காய்ந்ததன் மேலேயே வைத்தேன்.

இது என்ன வட்டம் என்று ரூபன் அண்ணனிடம் கேட்டிருக்கலாம். நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். இதைக்கூடக் கேட்கிறாளே என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்கவில்லை.

தையிலிருந்து மே வரை பதினொரு கல்யாணம். எல்லாம் வெளியில் பறந்தது, ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டாவதுதான் மண்டபத்துக்குள்.

இன்று மேடைக் கேமரா எடுத்த காட்சியைத் தேடி எடுத்தேன். ட்ரோன் தலைக்கு மேல் வரும் இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கினேன். அடிவயிற்றில் இரண்டு மஞ்சள் பொட்டு. குங்குமத்தோடு, நேர்த்தியாக.

ஜூன் 25, செவ்வாய்

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பெரிய சென்சார். மூன்று மோட்டார் தாங்கி. காற்றைத் தாங்கும் பலம். குறைந்த சத்தம். விளம்பரத்தில் முப்பத்து நான்கு நிமிடம் என்றால் நம் காற்றில் இருபத்திரண்டுதான் நிற்கும், ஆகவே மூன்று பேட்டரி. அண்ணாச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினார். "நம்ம முப்பிடாதி எழுதுனது. பிள்ள பேசாது, ஆனா எல்லாம் தெரியும்" என்றார்.

அடிப்பக்கக் கண்களைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரி இல்லை.

ஜூன் 27, வியாழன்

மார்க்கெட்டில் ரூபன் அண்ணனைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது சரியல்ல, இரண்டு நாளாக அந்த வழியாகத்தான் போகிறேன். தக்காளிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். என்ன பேசுவது என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்த வாக்கியம் அவர் முன்னால் மறந்துபோனது. போனை நீட்டி அந்த நிறுத்திய படத்தைக் காட்டினேன். "நான் வச்ச பொட்டு அண்ணே. கண்ண மறச்சிட்டேன்" என்றேன்.

அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. தெரியும் என்றார்.

தெரிந்தும் ஏன் துடைக்கவில்லை என்று கேட்டேன். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கூலிக்காரர் ஒருவர் அவசரப்படுத்த, இரு என்று கைகாட்டிவிட்டுச் சொன்னார்.

"நான் வேதக்காரன் தங்கச்சி, சர்ச்சுக்குப் போறவன். அண்ணாச்சி சாமி கும்பிட்டு வச்ச பொட்ட நான் தொடச்சா, அது வேற மாதிரி ஆயிரும்லா. வெளியத்தானே பறக்கு, ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்டேன். அன்னைக்கு திடீர்னு ஹாலுக்குள்ள விடச் சொன்னாவ. பொண்ணு வீட்டுக்காரங்க அத்தன பேரும் நிக்காவ. அங்க வச்சு எப்படித் தொடைக்க?"

பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றேன். சந்தனத்தால் விழுந்தது என்று தான் சொன்னால், ட்ரோன் விழுந்ததை எல்லாரும் மறந்துவிடுவார்கள், தான் சொன்னதை மட்டும் பிடித்துக்கொள்வார்கள் என்றார். குடித்திருந்தான் என்று சொல்லிவிட்டுப் போகட்டும், ஊருக்குள் அது சின்னப் பேச்சுதானாம். ஆனால் மதுரையில் ஆறு நாள் தங்கி வாங்கிய பைலட் உரிமம் சும்மா கிடக்கிறது என்று சொல்லும்போது மட்டும் குரல் மாறியது. மகளுக்கு ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லாரும் அவளிடம், உங்கப்பா இப்போது எதை ஓட்டுகிறார் என்று கேட்டார்களாம்.

வரும்போது இரண்டு கிலோ தக்காளி கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 1, திங்கள்

அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன்.

வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பதினேழாம் பக்கத்தையும் நிறுத்திய படத்தையும் மேஜையில் வைத்தேன். பொட்டு வைத்தது நான் என்று சொன்னேன். ரூபன் அண்ணன் மேல் தப்பில்லை, குழுவில் போட்டதை மாற்றிப் போட வேண்டும் என்றும் சொன்னேன். என் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம் வந்து அவர் கேட்டதில்லை. முதலில் அதைத்தான் ஆச்சரியமாகப் பார்த்தார்.

பிறகு முகம் மாறிவிட்டது. "ஏ பிள்ள, நான் என்னன்னு போட? சாமிக்கு வச்ச சந்தனத்தால ட்ரோன் விழுந்துட்டுன்னா போடச் சொல்லுத? தை வெள்ளி பூஜைய நாளைக்கு எவன் மதிப்பான்?"

சந்தனத்தின் மேல் தப்பில்லை, வைத்த இடம்தான் தப்பு என்றேன். ஒரு பொட்டு இருந்தால் ட்ரோனுக்கு என்ன கண்ணா தெரியாமல் போகும் என்றார். அவர் அதைக் கோபத்தில் சொன்னாலும் அது ஒரு நல்ல கேள்வி என்று எனக்குத் தோன்றியது. சோதித்துப் பார்க்கலாம் அண்ணாச்சி என்றேன்.

எழுந்து சாப்பிடப் போய்விட்டார். நாளை வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

வேலை இருந்தது. சாயந்திரம் போகும்போது அண்ணாச்சி, திருநெல்வேலிக் கடைக்காரர் நாளை புது ட்ரோனைக் காட்டக் கொண்டுவருகிறார், மண்டபத்தில் பதினொரு மணிக்கு என்று மட்டும் சொன்னார். வாசல்வரை போய்த் திரும்பி, "அவனையும் வரச் சொல்லு" என்றார்.

ஜூலை 3, புதன்

அதே மண்டபம். நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ரூபன் அண்ணன் லோடு ஆட்டோவிலேயே வந்தார், சட்டையில் வெங்காயச் சருகு. அண்ணாச்சியும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கம்பளத்தைப் பார்த்தார்கள்.

முதலில் சுத்தமான ட்ரோன். தலை உயரத்துக்கு எழும்பியது. ரூபன் அண்ணன் இரண்டு கட்டை விரலையும் கண்ட்ரோலரிலிருந்து எடுத்துக் காட்டினார். சிவப்புக் கம்பளத்துக்கு மேலே ஆணி அடித்தது போல நின்றது. மின்விசிறிகளைப் போடச் சொன்னேன். அப்போதும் நின்றது. எனக்கு எல்லாம் மறந்து, கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

பிறகு இறக்கினோம். கண்ணாடியில் படாமல் இருக்க, நிறமற்ற டேப்பின் மேல் சந்தனத்தை வைத்து, அதை இரண்டு வட்டங்களிலும் ஒட்டினேன். கடைக்காரருக்கு உயிரே இல்லை. ரூபன் அண்ணன் எங்களை எல்லாம் தூண்களுக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டு ஏற்றினார். விரலை எடுத்தார்.

இரண்டு நொடி நின்றது. மூன்றாவது நொடி, யாரோ மெதுவாகக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவது போல, இடது பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. அவர் விரலை வைத்து இழுத்துக்கொண்டு வந்தார். மறுபடி எடுத்தார், மறுபடி போனது. ஐந்து முறை. இரண்டு முறை இந்தப் பக்கம், மூன்று முறை அந்தப் பக்கம். பிறகு சமாளித்துக் கம்பளத்தில் இறக்கினார். நெற்றி முழுக்க வேர்வை.

அண்ணாச்சி அவரிடம், இவ்வளவு நேரம் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டார்.

"அன்னைக்கும் பிடிச்சேன் அண்ணாச்சி. பொண்ணு மாப்பிள்ள பக்கம்தான் போச்சு. இழுத்து இந்தப் பக்கம் கொண்டாந்தேன். லைட்டு சரம் தொங்குனத பாக்கல."

அண்ணாச்சி குனிந்து ட்ரோனைத் திருப்பி, டேப்பைத் தானே உரித்தார். விரலில் ஒட்டிய சந்தனத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். நெற்றியில் பூசிக்கொண்டார்.

ஜூலை 4, வியாழன்

குழுவில் போட வேண்டியதை என்னையே எழுதச் சொன்னார் அண்ணாச்சி. எழுதிக் காட்டினேன். உன் பெயர் எதற்கு, "பொட்டு வைக்கப்பட்டிருந்தது" என்று போட்டால் போதாதா என்றார். அக்கறையில்தான் சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர், அத்தனையும் ஆண்கள், உன்னை ஆளாளுக்குப் பேசுவார்கள் என்றார்.

அப்படி எழுதினால் வைத்தது யார் என்று தேடுவார்கள், தேடினால் மறுபடி ரூபன் அண்ணனிடம்தான் போய் நிற்பார்கள் என்றேன். பெயரை எடுக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. "நான் ரூபனைச் சொன்னது தவறு" என்று கடைசியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார். அதை டைப் அடிக்க அவருக்கு நான்கு நிமிடம் ஆனது. பதினேழாம் பக்கப் படம், பொட்டோடு பறக்கும் படம், நேற்றைய வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து மாலை ஐந்தரைக்கு அனுப்பினார். என்னையும் குழுவில் சேர்த்துவிட்டார்.

போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

பஸ்ஸில்தான் திறந்தேன். நூற்றுப் பதினெட்டு செய்திகள். முதல் பத்தைப் படிக்கவே எனக்கு இரண்டு நிறுத்தம் பிடித்தது. யார் இந்தப் பெண் என்று ஒருவர். படித்த பிள்ளை செய்கிற வேலையா என்று ஒருவர். சாமி விஷயத்தில் கை வைக்காதீர்கள் என்று ஒருவர்.

பதினோராவதாகக் கடையநல்லூரிலிருந்து வெறும் ஒரு படம் வந்திருந்தது. கவிழ்த்து வைத்த ட்ரோன். அடிவயிற்றில் இரண்டு சந்தனப் பொட்டு. ஒரு வார்த்தையும் இல்லை.

அடுத்து புளியங்குடி. அடுத்து சுரண்டையில் இருவர். ஒரு படத்தில் குங்குமம் மட்டும், ஒன்றில் திருநீறு, ஒன்றில் பொட்டுக்கு மேல் சாமிப் படம் போட்ட ஸ்டிக்கர். போன மாதம் மரத்தில் முட்டியதற்கு இதுதான் காரணமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எண்ணினேன். பத்தொன்பது ட்ரோன்கள். ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் போட்டுப் படம் எடுத்திருந்தார்கள். அப்படியானால் பொட்டை எங்கேதான் வைப்பது என்று ஆறு பேர் கேட்டிருந்தார்கள். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் எழுதினேன்: "மேல்பக்கம், பேட்டரி மூடியின் நடுவில். காற்றோட்டத் துளைகளை மறைக்காமல்." இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்க்கும் இடத்தில் நான் எழுதிய முதல் வாக்கியம். கட்டை விரல் படங்கள் வந்துகொண்டே இருந்தன. என் நிறுத்தம் தாண்டிவிட்டது.

மதியம் ரூபன் அண்ணன் போன் செய்தார். பின்னால் மார்க்கெட் இரைச்சல். சங்கரன்கோவில் ஸ்டுடியோக்காரர் ஒருவர் ஆவணி ஆறாம் தேதி முகூர்த்தத்துக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார். ட்ரோன் அந்த ஸ்டுடியோக்காரருடையது. மண்டபத்துக்குள் பறக்க வேண்டும்.

"நான் அவருகிட்ட மொதல்லயே கேட்டுட்டேன் தங்கச்சி. அடியில பொட்டு இருந்தா நான் தொடச்சிருவேன், உங்களுக்கு ஒண்ணும் இல்லையேன்னு."

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"தொடைங்க தம்பின்னாரு. காஞ்சிருக்கும், ஈரத்துணி நானே எடுத்து வைக்கேன்னாரு."